நினைவின் எடை – 11: ஐந்து எம்.பி.க்கு எத்தனை அட்டை?

இணையத்தில் ஓயாமல் சுற்றிவரும் பழைய புகைப்படம் ஒன்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1955ஆம் ஆண்டுப் படம். ஒரு பெண் நிற்கிறார். பக்கத்தில் துளை அட்டைகள் கட்டுக் கட்டாகக் குவிந்திருக்கின்றன. அமெரிக்க விமானப்படையின் ‘சேஜ்’ வான் பாதுகாப்பு அமைப்பை இயக்கிய நிரல் அது. மொத்தம் 62,500 அட்டைகள். ஓர் அட்டைக்கு 80 எழுத்து. பெருக்கினால் 50 லட்சம் எழுத்து. அதாவது 5 எம்.பி. கைபேசியில் எடுத்த ஒரே ஒரு கல்யாணப் படம் இதைவிடப் பெரியது என்று சொல்லி, சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம்.

நான் அந்தக் கணக்கை அப்படி விட்டுவிட விரும்பவில்லை. பெருக்கல் சரிதான். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் ஒரே பொருளா என்பதில்தான் வழக்கு. ஒரு ஜி.பி.க்கு எத்தனை ஃப்ளாப்பி, ஒரு டி.பி.க்கு எத்தனை டேப் என்று இன்று விளையாட்டாகப் போடும் கணக்குகள் எல்லாவற்றுக்கும் இந்த வழக்கு பொருந்தும். அந்தக் கணக்குகளுக்கு என்று ஒரு வரலாறும் இருக்கிறது.

துளை அட்டையைக் கணக்கெடுப்புக்குக் கொண்டுவந்த ஹொலரித்தின் அட்டை எப்படிப் பிறந்தது என்று சென்ற பகுதியில் பார்த்தோம். 1928இல் ஐ.பி.எம். அதை 80 நிரைகளாக்கி, வட்டத் துளையை நீள்சதுரத் துளையாக்கியது. அகலம் ஏழரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, உயரம் மூன்றே கால் அங்குலம், கனம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழு பங்கு. ஒவ்வொரு நிரையிலும் 12 இடங்கள். ஆக ஓர் அட்டையில் துளை விழக்கூடிய இடம் 960. ஓர் இடத்துக்கு ஒரு பிட் என்று எண்ணினால் ஓர் அட்டை 120 பைட். ஒரு நிரைக்கு ஓர் எழுத்து என்று எண்ணினால் 80. ஆகவே அந்தப் படத்தில் இருப்பது 5 எம்.பி.யாகவும் இருக்கலாம், ஏழரை எம்.பி.யாகவும் இருக்கலாம், எப்படித் துளையிட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

960 இடத்தையும் நிரப்பிவிடலாமே என்று தோன்றும். நிரப்பிப் பார்த்தவர்கள் உண்டு, பெரும்பாலும் குறும்புக்கு. எல்லாத் துளையும் விழுந்த அட்டை லேஸ் துணிபோல் ஆகிவிடும். விறைப்பு போய், வாசிக்கும் எந்திரத்துக்குள் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். பிறகு கத்தி மாதிரி ஒன்றை விட்டு நோண்டித்தான் எடுக்க வேண்டும். காகிதத்துக்கு உடம்பு வேண்டும் என்பதால், எழுத்துக்கு ஒன்று அல்லது இரண்டு துளை, மிஞ்சினால் மூன்று என்றுதான் அதன் குறியீடே அமைந்தது.

80 எழுத்தும் முழுதாகப் பயன்பட்டதா என்றால் அதுவும் இல்லை. ஃபோர்ட்ரான் நிரல் எழுதியவர்களைக் கேளுங்கள். முதல் ஐந்து நிரை வரி எண்ணுக்கு. ஆறாவது, மேல் அட்டையின் தொடர்ச்சி என்று காட்டுவதற்கு. 7 முதல் 72 வரைதான் நிரல். 73 முதல் 80 வரையிலான எட்டு நிரையைக் கணிப்பொறி கண்டுகொள்ளாது. அங்கே அட்டையின் வரிசை எண்ணை அடித்துவைப்பார்கள். கட்டு கைதவறித் தரையில் விழுந்து கலைந்துபோனால், அந்த எண்தான் காப்பாற்றும். அதற்கென்றே பிரித்தடுக்கும் எந்திரம் ஒன்று உண்டு. ஐ.பி.எம். 083 நிமிடத்துக்கு 1,000 அட்டை பிரிக்கும்; ஆனால் ஒரு சுற்றில் ஒரே ஒரு நிரையைத்தான் பார்க்கும். கடைசி இலக்கத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு சுற்றிலும் தட்டுகளில் விழுந்ததை எல்லாம் வரிசை மாறாமல் வாரி எடுத்து, அடுத்த இலக்கத்துக்கு மறுபடி உள்ளே விட வேண்டும். அந்தப் படத்தில் உள்ள குவியல் சரிந்திருந்தால் ஐந்து இலக்கம், ஐந்து சுற்று; எந்திரம் ஓடும் நேரம் மட்டும் ஐந்து மணி நேரத்துக்கும் மேல். வரிசை எண் அடிக்கச் சோம்பல்பட்டவர்கள் கட்டின் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். கலைந்த கட்டை அந்தக் கோட்டைப் பார்த்தே ஓரளவு நேராக்கிவிடலாம். இதில் அந்தக் கோடு எத்தனை பைட்?

நிரலின் கடைசி அட்டையில் ‘எண்ட்’ என்று மூன்று எழுத்து இருக்கும். மீதி 77 நிரையும் வெற்றிடம்தான். இருந்தாலும் அது முழு அட்டை. பெட்டியில் அதே இடத்தை அடைக்கும், அதே காசுக்கு வாங்கியது. பழைய ஊடகங்களின் கணக்கில் நம்மை ஏமாற்றுவது இந்தக் காலியிடம்தான். கொள்ளளவை வைத்துப் பெருக்குகிறோம். எவ்வளவு காலியாக வைத்துப் புழங்கினார்கள் என்பதை விட்டுவிடுகிறோம்.

இனி எதிர்ப்பக்கக் கணக்கு ஒன்று. 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆளுக்கு ஓர் அட்டை, 6.2 கோடிப் பேருக்கு மேல். அன்றைய அட்டையில் துளையிட 288 இடங்கள், நம் அளவில் 36 பைட். எல்லாவற்றையும் சேர்த்தால் சுமார் 2.25 ஜி.பி. ஒரு நாட்டின் அத்தனை பேரும் இன்று கடைக்காரர் கொசுறாகத் தரும் யு.எஸ்.பி. குச்சிக்குள் அடங்குவார்கள். உண்மையில் இன்னும் குறைவான இடமே போதும். ஓர் ஆளின் அட்டையில் விழுவது கொஞ்சம் துளைகள்தான். ஆனால் அந்தக் கணக்கெடுப்பின் மூலப் படிவங்கள் 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயில் பெரும்பாலும் நாசமாயின. தீயில் தப்பியவை நீரில் நனைந்து, பிறகு அழிக்கப்பட்டன. குச்சிக்குள் அடங்கியிருக்கக்கூடிய ஒன்றை அன்று கட்டடம் முழுக்க வைத்திருந்தும் காக்க முடியவில்லை.

நெசவையும் இதே கண்ணால் பார்க்கலாம். பட்டுத் தறிக்கு அட்டை பூட்டியவர் ஜக்கார்டு. அவருடைய உருவத்தையே 1839இல் லியோன் நகரத்தார் பட்டில் நெய்தார்கள். அதற்குப் பிடித்த அட்டைகள் 24,000. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட துளை இடங்கள். குறைத்து மதிப்பிட்டாலும் 3 எம்.பி. கணிப்பொறியின் முன்னோடியான பாபேஜ் தன் வீட்டில் மாட்டிவைத்து, வருகிறவர்களிடம் செதுக்குச் சித்திரமா நெசவா என்று கேட்டு வேடிக்கை பார்த்த படம் அது. நூற்றிருபது வருடம் கழித்து ஓட்டிய எத்தனையோ கணிப்பொறி நிரல்களைவிடப் பெரியது. காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு பெட்டி பூட்டிய தறிக்கு மேலே அட்டை மாலை தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கில் வியப்பு இருக்காது. ஒரு புட்டா ஓர் அட்டையில் முடிகிற காரியமில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, புதியதைப் பழையதின் அளவால் சொல்லும் வழக்கத்தை யார் ஆரம்பித்தார்கள்? நம் தலைமுறையின் ஏக்கம் என்று நினைத்தால் தப்பு. ஆரம்பித்தவர்கள் விற்பனைப் பிரதிநிதிகள். புது எந்திரத்தை விற்க வருகிறவன், வாங்குகிறவர் கிடங்கில் ஏற்கெனவே கிடக்கும் பொருளை வைத்துத்தான் பேச முடியும். 1950களின் காப்பீட்டு நிறுவன மேலாளருக்கு மெகாபைட் தெரியாது. அட்டை வைக்கும் அலமாரிக்கு மாத வாடகை எவ்வளவு என்பது தெரியும்.

1956 செப்டம்பரில் ஐ.பி.எம். ராமக் எந்திரத்தை அறிவித்தது. உலகின் முதல் வணிக ஹார்ட் டிஸ்க் அதில்தான் வந்தது. சான் ஹோசேயில் ரெனால்ட் ஜான்சன் தலைமையிலான குழு உருவாக்கியது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, நிமிடத்துக்கு 1,200 சுற்று. எடை ஒரு டன்னுக்கு மேல். மாத வாடகை 3,200 டாலர். கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. எண்பதால் வகுத்தால் அதே 62,500 அட்டை!

இங்கே இரண்டு இடத்தில் கணக்கு இடிக்கிறது. ராமக்கின் எழுத்து ஆறு பிட். எட்டு பிட் பைட் நிலைபெற்றது 1964இல் சிஸ்டம்/360 வந்த பிறகு. ஆகவே இன்று எல்லோரும் ‘5 எம்.பி. ஹார்ட் டிஸ்க்’ என்று எழுதும் அந்த எந்திரத்தின் நிஜமான அளவு 3.75 எம்.பி. இரண்டாவது இடிப்பு இன்னும் சுவையானது. ராமக் தன் இடத்தை நூறு நூறு எழுத்தாகப் பிரித்து 50,000 பெட்டிகளாக வைத்திருந்தது. பழைய அட்டையை அப்படியே ஏற்றி, பெட்டிக்கு ஒன்றாகப் போட்டால் 50,000 அட்டைதான் கொள்ளும். ஒவ்வொன்றிலும் 20 எழுத்து காலி. காலியிடம் அட்டையோடு ஒழியவில்லை, டிஸ்கிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆனாலும் வாங்கினார்கள். காரணம், அட்டைக் கணக்கில் வராத ஒன்று. ஐம்பதாயிரத்தில் எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் ராமக் சராசரியாக 0.6 வினாடியில் எடுத்துக் கொடுத்தது. அதுவரை தொட்டி போன்ற தள்ளுவண்டியில் அட்டைகளை நிறுத்தி வைத்து, ஒரு குமாஸ்தா விரலால் தள்ளித் தள்ளித் தேடி உருவ வேண்டியிருந்தது. அதை வேகம் என்று சொல்வதா, உழைப்பு என்று சொல்வதா தெரியவில்லை. எதுவானாலும் அது கொள்ளளவு இல்லை. விற்பனையாளர் அட்டை எண்ணிக்கையைச் சொல்லி விற்றார். வாங்கியவர் அந்த 0.6 வினாடியை வாங்கினார்.

இந்தக் கணக்கு மொத்தமாகக் கவிழ்ந்துபோகும் இடம் டேப். அரை அங்குல அகலம், 2,400 அடி நீளம், ஒன்பது தடம், சினிமாவில் கணிப்பொறி என்றாலே சுழலுமே, அந்த ரீல். 1970களில் பரவலாக இருந்த அடர்த்தி அங்குலத்துக்கு 1,600 பைட். 2,400 அடி என்றால் 28,800 அங்குலம். பெருக்கினால் 46 எம்.பி. சொச்சம். அட்டையில் சொன்னால் 5,76,000. சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973இல் ஐ.பி.எம். 370/155 வந்தது இந்த டேப்களின் காலத்தில்தான். அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு அச்சுத்தாளுக்குக் காத்திருந்த அன்றைய மாணவர்கள் இன்று தாத்தா பாட்டி ஆகியிருப்பார்கள்.

டேப்பை ஓட்டி நிறுத்துவது லேசான வேலை இல்லை. ஒரு தொகுதியை வாசித்து முடித்ததும் எந்திரம் நிற்கும். கணிப்பொறி கேட்டதும் மறுபடி ஓடும். கனத்த ரீல் சட்டென்று நிற்காது, சட்டென்று கிளம்பாது. அதற்காக ரீலுக்கும் வாசிக்கும் தலைக்கும் நடுவே காற்றை உறிஞ்சும் நீளமான பெட்டி வைத்து, டேப்பை அதற்குள் வளையமாகத் தொங்கவிட்டார்கள். தலை அந்தத் தொங்கலில் இருந்து இழுத்துக்கொள்ளும். ரீல் நிதானமாகச் சுற்றி ஈடுகட்டும். 1952இன் ஐ.பி.எம். 726இல் வந்த தந்திரம் இது. அப்படியும் டேப் வேகம் பிடிக்கவும் நிற்கவும் கொஞ்சம் நீளம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் இடையில் 0.6 அங்குலம் வெற்று டேப் விடுவது விதி.

இப்போது அட்டையை ஏற்றுவோம். அட்டைக்கு ஒரு தொகுதி என்று எழுதினால், 80 பைட் பிடிக்கும் இடம் ஓர் அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு. அதன் பின்னால் 0.6 அங்குலம் வெற்றிடம். ஒன்றுக்குப் பன்னிரண்டு! முழு ரீலிலும் கொள்வது 44,307 அட்டை, மூன்றரை எம்.பி. அதே ரீலில் நூறு அட்டையை ஒரே தொகுதியாகச் சேர்த்து எழுதினால் ஐந்து லட்சத்துக்கு மேல் கொள்ளும். ஒரே ரீல், ஒரே எந்திரம். நிரல் எழுதியவர் ஓர் எண்ணை மாற்றிக் கொடுத்தால் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். ‘ஒரு டேப்புக்கு எத்தனை எம்.பி.?’ என்று கேட்டால் பழைய ஆபரேட்டர் உடனே பதில் சொல்ல மாட்டார். ‘பிளாக் சைஸ் என்ன?’ என்று திருப்பிக் கேட்பார். அவர் கேட்பதுதான் சரி.

ஃப்ளாப்பியின் கதை நம் வாசகர்களுக்குப் பழக்கமானது என்பதால் ஓட்டமாகப் போகலாம். 1971இல் எட்டங்குல ஃப்ளாப்பி வந்தபோது அதில் பயனர் எழுதவே முடியாது. கணிப்பொறியின் உள்நிரலை ஏற்றுவதற்கு மட்டும் வைத்திருந்தார்கள். 1973இல் ஐ.பி.எம். 3740 வந்தது. தட்டச்சுப் பெண்கள் அட்டையில் துளையிடுவதற்குப் பதிலாக இதில் பதியலாம் என்பதே அதன் விளம்பரம். தரவுக்கு 73 தடம், தடத்துக்கு 26 பிரிவு, பிரிவுக்கு 128 பைட். பெருக்கிப் பார்த்தால் 2,42,944 பைட். அட்டையால் வகுத்தால் மூவாயிரத்துச் சொச்சம். ஆனால் ஒரு பதிவுக்கு ஒரு பிரிவு என்றுதான் அதைப் பழக்கினார்கள்; ஆகவே நடைமுறையில் 1,898 பதிவு. துளை அட்டை 2,000 கொண்ட பெட்டியில் வரும். ஒரு பெட்டிக்கு ஒரு ஃப்ளாப்பி என்று மேலாளர் மனதில் உடனே பதிந்திருக்கும்.

மூன்றரை அங்குல ஃப்ளாப்பியின் ‘1.44 எம்.பி.’ ஒரு தனி விசித்திரம். 80 தடம், இரண்டு பக்கம், தடத்துக்கு 18 பிரிவு, பிரிவுக்கு 512 பைட்: 14,74,560 பைட். பத்து லட்சத்தால் வகுத்தால் 1.47. 1,024ஆல் இருமுறை வகுத்தால் 1.41. ஒருமுறை 1,024ஆலும் இன்னொருமுறை 1,000ஆலும் வகுத்தால் மட்டுமே 1.44 வரும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தராத வகுத்தல். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான உறைகளில் அச்சடித்து விற்றார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அதே ஃப்ளாப்பியில் தடத்துக்கு 21 பிரிவு எழுதி மைக்ரோசாஃப்ட் 1.68 எம்.பி. திணித்தது, விண்டோஸ் 95 பதிமூன்று ஃப்ளாப்பிகளில் அப்படித்தான் வந்தது. ஆகவே ‘ஒரு ஃப்ளாப்பி’ என்பதும் நிலையான படி இல்லை.

ஆனாலும் ஆசைக்கு ஒரு கணக்குப் போடுகிறேன். ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க்குக்கு 1.44 ஃப்ளாப்பி 6,78,169 வேண்டும். ஒன்றின் கனம் 3.3 மில்லிமீட்டர். அடுக்கினால் 2,238 மீட்டர். கடல் மட்டத்தில் ஆரம்பித்தால் ஊட்டி வரைக்கும் வரும். உயரத்தைவிட நேரம்தான் என்னை அசரவைத்தது. ஃப்ளாப்பி நிமிடத்துக்கு 300 சுற்று. ஒரு சுற்றில் ஒரு தடம். ஒன்றை வாசிக்கக் குறைந்தது 32 வினாடி. ஃப்ளாப்பியை மாற்றும் நேரம், இடையில் ஒன்று கெட்டுப்போய் ‘கர்ர்’ என்று முனகும் நேரம் எதையும் சேர்க்காமல், இரவு பகலாக 251 நாள். ஒரு ஹார்ட் டிஸ்க்கைப் பழைய ஊடகத்தில் சொல்லவேண்டும் என்றால் இந்த 251 நாளைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஊட்டி இரண்டாம் பட்சம்.

இந்த மரபில் எனக்குப் பிடித்த கணக்கு எதிர்த்திசையில் போடப்பட்டது. 1959 டிசம்பர் 29 அன்று கால்டெக்கில் பேசிய இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், உலகின் பெரிய நூலகங்களில் இருக்கும் அக்கறைக்குரிய நூல்கள் 2.4 கோடி என்று எடுத்துக்கொண்டார். அவற்றை பிட்டாக மாற்றினால் ஒன்றுக்குப் பின் 15 சைஃபர் என்று மதிப்பிட்டார். ஒரு பிட்டுக்கு நூறு அணு ஒதுக்கினால், எல்லாம் சேர்ந்து ஓர் அங்குலத்தில் இருநூறில் ஒரு பங்கு அளவுள்ள கனசதுரத்தில் அடங்கும் என்றார். பழையதில் புதியது எத்தனை என்று எல்லோரும் எண்ணிய காலத்தில், இன்னும் பிறக்காத ஊடகத்தில் பழையது எவ்வளவு என்று எண்ணியவர் அவர். அன்று சந்தையில் கிடைத்த ராமக்கில் அந்த நூலகத்தை ஏற்ற வேண்டுமானால் 3.3 கோடி எந்திரம் வேண்டும். மாத வாடகையை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பேச்சுக் கணக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இந்த மாற்றத்தை நிஜமாகவே தினமும் செய்துகொண்டிருக்கும் எந்திரங்கள் உண்டு. ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளின் இசட்/வி.எம். இயங்குதளத்தில் இன்றும் ஒவ்வொரு பயனருக்கும் கற்பனையாக ஓர் அட்டை வாசிப்பான், ஓர் அட்டைத் துளைப்பான், ஓர் அச்சுப்பொறி கொடுக்கிறார்கள். வேலையைச் சமர்ப்பிக்கும் வரி இன்றும் 80 எழுத்து. 72க்குப் பிறகு உள்ளவற்றைக் கணிப்பொறி இன்றும் கண்டுகொள்ளாது. தரையில் விழுந்து கலைய அட்டையே கிடையாது என்றாலும்.

ஃப்ளாப்பியை நம்பிய நிர்வாகங்கள் அண்மையில்தான் கைவிட்டன. அமெரிக்க அணு ஆயுதப் படைகளுக்கான தகவல் தொடர்பு அமைப்பில் எட்டங்குல ஃப்ளாப்பி 2019 வரை இருந்தது. ஜப்பான் அரசு, ஃப்ளாப்பியைக் கட்டாயமாக்கிய 1,034 விதிகளில் ஒன்றைத் தவிர மற்றதை 2024இல்தான் நீக்கி முடித்தது. பழைய எம்பிராய்டரி எந்திரம், சி.என்.சி. எந்திரம் வைத்திருக்கும் பட்டறைக்காரர்களால் அப்படி ஒரு கையெழுத்தில் தூக்கிப்போட முடியாது. எந்திரம் நன்றாக ஓடுகிறது, ஃப்ளாப்பிதான் கிடைப்பதில்லை. ஆகவே ஃப்ளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு, அதே அளவில் அதே துளையில் உட்காரும் எமுலேட்டர் ஒன்றைப் பொருத்துகிறார்கள். முகப்பில் யு.எஸ்.பி. வாய், இரண்டு பொத்தான், மூன்று இலக்கம் காட்டும் சின்ன விளக்கு. குச்சியைச் செருகியதும் அது ஆயிரம் ஃப்ளாப்பிகளாகப் பிரிந்துகொள்ளும்: 000 முதல் 999 வரை. பொத்தானை அழுத்தி 037 என்று வைத்தால், எந்திரம் 37ஆம் ஃப்ளாப்பி உள்ளே வந்துவிட்டதாக நம்பி வாசிக்கத் தொடங்கும்.

அந்த ஆயிரம் ஃப்ளாப்பியும் சேர்ந்து ஒன்றரை ஜி.பி.தான். கடையில் கிடைக்கும் குச்சி 32 ஜி.பி. மீதி முப்பது ஜி.பி. சும்மா கிடக்கிறது. 037க்குள் போய்ப் பார்த்தால், அந்த 1.44இலும் சில பத்து கிலோபைட்டில் ஒரு ரோஜாப்பூ டிசைன், மற்றதெல்லாம் காலி.

(தொடரும்)